அட்டையில் யார் பெயர்?

நாய்களுக்குத் தடுப்பூசி போடுபவர் கண்டி மஹய்யாவவில் ஒரு சந்துக்குள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிக்கட்டில் ஒரு நாய் படுத்திருக்கிறது. "இது யார் வீட்டு நாய்?" என்று கேட்கிறார். மூன்று வீட்டிலிருந்தும் ஒரே பதில் வருகிறது: "நம்ம நாய் இல்ல சேர், சும்மா சாப்பிட வரும்."

காலையில் முதல் வீட்டில் பாண் துண்டு, மதியம் இரண்டாவது வீட்டில் மீன் தலையோடு சோறு, இரவில் மூன்றாவது வீட்டு வாசலில் தூக்கம். ஆனால் ஊசி போடும் நேரத்தில் பிடித்துக்கொடுக்க ஆள் இல்லை. வந்தவர் அடுத்த சந்துக்குப் போய்விடுவார். இந்தக் கட்டுரை அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்காகத்தான் எழுதப்படுகிறது. சொந்தமாக நாயோ பூனையோ வளர்ப்பவர்களும் கூட வாசியுங்கள்.

முதலில், எத்தனை ஊசிதான் இருக்கிறது, எல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள்.

இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஒன்று, நாயைக் காப்பாற்றுவதோடு உங்களையும் காப்பாற்றும் ஊசி. அது நீர்வெறுப்பு நோய்க்கு (விசர் பிடித்த மிருகம் கடிப்பதால் வரும் மூளை நோய்) எதிரானது. இலங்கையில் நாய்களுக்கு அரசாங்கம் இதை இலவசமாகப் போடுகிறது. மற்றது, அந்தப் பிராணியின் உயிரைக் காக்கும் ஊசிகள். அவற்றுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். கையில் காசு குறைவு என்றால் முதலாவதை மட்டுமாவது விடாதீர்கள்.

நீர்வெறுப்பு என்ற பெயர் ஏன்? நோய் வந்த மனிதருக்குத் தாகம் இருக்கும், ஆனால் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாலே தொண்டை இறுகிப் பிடித்துக்கொள்ளும். கடித்த மிருகத்தின் எச்சிலில் இருக்கும் கிருமி, காயத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம்.

மூளையைத் தொட்டு அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றும் மருந்து கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் நீண்டது. கொடிய நோய்கள் பலவும் இவ்வளவு நேரம் தருவதில்லை. அந்த நேரத்தை வீணாக்கியவர்கள்தான் அநேகமாகச் சாகிறார்கள்.

இது பழைய காலத்து நோய்தானே, இப்போதும் இருக்கிறதா? இருக்கிறது. 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கியதும், கடிபட்டவர்களுக்கு நல்ல தடுப்பூசி கிடைத்ததும் அந்த எண்ணிக்கையை இறக்கின. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது பெரும்பாலும் இருபது, முப்பது என்ற அளவில் நிற்கிறது. அங்கிருந்து பூச்சியத்துக்குப் போக மறுக்கிறது. நம் படிக்கட்டு நாய் அதற்கு ஒரு காரணம் என்பேன்.

எப்படி என்று சொல்கிறேன். ஓர் இடத்தில் இருக்கும் பத்து நாய்களில் ஏழுக்கு ஊசி போட்டுவிட்டால், நோய் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தாவ வழியில்லாமல் அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது. சங்கிலி போட்டு வளர்க்கும் நாய்களுக்கு மட்டும் போட்டால் ஏழு வராது. சந்து நாய்களையும் சேர்த்தால்தான் வரும். அதுவும் ஒருமுறை போட்டால் போதாது. பழைய நாய்கள் சாகும், புதுக் குட்டிகள் பிறக்கும், ஊசியின் பலனும் குறையும். ஆகவே ஒவ்வொரு வருடமும் போட வேண்டும்.

"அப்படியானால் தெருநாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிடலாமே" என்பவர்கள் நம் சந்திலும் உண்டு. அதையும் நீண்ட காலம் செய்து பார்த்த நாடு இது. ஒரு தெருவில் நாய்களை அகற்றினால், அங்கே கிடைக்கும் எச்சில் சோற்றுக்கு அடுத்த தெருவிலிருந்து ஊசி போடாத நாய்கள் வந்து சேரும். பிடிபடுவதும் அநேகமாக மனிதரை நம்பி அருகில் வரும் நாய்தான். ஊசி போட்டிருப்பதும் அதற்குத்தான். 2006இல் அரசாங்கம் அந்தக் கொலைமுறையைக் கைவிட்டது. அதன் பிறகு ஊசியும் கருத்தடையும்தான் வழி என்றாயிற்று.

எந்த வயதில் போடுவது? குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு வருடந்தோறும் ஒன்று என்பது நினைவில் வைக்க எளிதான கணக்கு. சந்துக்கு ஊசிக்காரர் வரும் நாளில் குட்டிக்கு இரண்டு மாதம்தான் என்றால் ஒளித்து வைக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கூட்டமாக ஊசி போடும் முகாம்களில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்படிப் போட்டதை மிருக வைத்தியரிடம் சொன்னால், அடுத்தது எப்போது என்று அவர் கணக்குப் பார்ப்பார்.

பூனைக்கும் வேண்டுமா? வேண்டும். இந்த நோய் இரத்தம் சூடான பாலூட்டி எதற்கும் வரும். கண்டி, நகரத்தின் நடுவிலேயே உடவத்தகெலே காட்டை வைத்திருக்கும் ஊர். கீரியும் மரநாயும் கூரைக்கு வரும். இரவில் வெளியே போகும் பூனை யாரோடு சண்டை போட்டது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பூனை கடித்தால் பெரும்பாலும் நாம் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவோம், அதுதான் பயம். ஊசி முகாமுக்குப் பூனையை ஓர் அரிசிப் பையிலோ மூடியுள்ள கூடையிலோ கொண்டுபோய்க் கேளுங்கள். மாநகர சபைப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ (பி.எச்.ஐ.) முகாம் நடக்கும் நாளை விசாரிக்கலாம்.

இப்போது அட்டைக்கு வருகிறேன். ஊசி போட்டதும் ஓர் அட்டை தருவார்கள். நாமோ அதை ரேடியோவுக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது எறிந்துவிடுவோம். நானும் ஒருமுறை எறிந்திருக்கிறேன். நாய்க்கு எதற்கு அட்டை என்று தோன்றும். அது நாய்க்கு அல்ல, உங்கள் பிள்ளைக்கு.

உங்கள் நாய் பிள்ளையைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். வைத்தியசாலையில் முதலில் கேட்பது, நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்பதுதான். இலங்கைச் சுகாதார அமைச்சு வைத்தியர்களுக்குக் கொடுத்திருக்கும் வழிமுறைப்படி, கடித்த நாயோ பூனையோ ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஊசியாவது போட்டிருக்க வேண்டும். அவை இரண்டுக்கும் இடைவெளி இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசி ஊசி கடித்த நாளுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும். பிராணியும் சுகமாக, கண்ணுக்கு முன்னால் கட்டிவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால், பிள்ளைக்கு ஊசி தொடங்காமல் 14 நாள் அந்தப் பிராணியைக் கவனிக்கலாம் என்று வைத்தியர் முடிவெடுக்க இடமுண்டு.

அட்டை இல்லையென்றால்? நீங்கள் வாயால் சொல்வதை வைத்து எந்த வைத்தியரும் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. உடனே ஊசி தொடங்குவார்கள். ஆகவே போன வருட அட்டையையும் இந்த வருட அட்டையையும் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் இரண்டு ஊசிக்கும் அத்தாட்சி வேண்டும். பிள்ளையின் கிளினிக் புத்தகம் இருக்கும் அதே பையில் போட்டுவிட்டால் தேட வேண்டியிருக்காது.

முடிவெடுக்க வேண்டியவர் வைத்தியர் என்பதை மறக்க வேண்டாம். அட்டை இருக்கிறதே என்று நீங்களே வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கடித்தவுடன் வீட்டில் என்ன செய்வது? பைப்பைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் அழும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு நிமிடமே பதினைந்து மாதிரித் தோன்றும். கிருமியைக் காயத்திலேயே கொல்வதற்கு இதைவிட நல்ல முதலுதவி இல்லை. பைப்பில் தண்ணீர் வராத நேரம் என்றால் வாளித் தண்ணீரைக் கோப்பையால் ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள்.

மஞ்சள், மிளகாய்த் தூள், கோப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அவை காயத்தை மூடி, கிருமியை உள்ளே அழுத்தும். துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பிறகு தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். கண்டித் தேசிய வைத்தியசாலை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை.

"தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்களாமே?" தாத்தா காலத்தில் போட்டார்கள். அது வேறு மருந்து, இப்போது இல்லை. இன்றைக்கு மேற்கையில்தான் போடுகிறார்கள், எண்ணிக்கையும் குறைவு. ஆழமான காயம் என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் (உடனடிப் பாதுகாப்புத் தரும் எதிர்ப்புநீர்) ஏற்றுவார்கள். முக்கியமானது, அவர்கள் எழுதித் தரும் நாட்களில் தவறாமல் போவதுதான். காயம் ஆறிவிட்டதே என்று இரண்டாவதோடு நிறுத்திவிடும் ஆட்களை எனக்குத் தெரியும். காயம் ஆறுவதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று. உலகத்தில் நீர்வெறுப்பு நோயுள்ளதாகச் சந்தேகிக்கும் மிருகங்களிடம் கடிபடுபவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள். அடி விழும் என்ற பயத்தில் கடியை மறைப்பார்கள். "நாய் கடிச்சா, கீறினா, வந்து சொல்லு, நான் ஏச மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். சொன்னபடி ஏசாமலும் இருங்கள்.

கடித்த நாயை என்ன செய்வது? கோபத்தில் அடித்துக் கொல்வது பழக்கம். தயவுசெய்து வேண்டாம். உயிரோடு இருந்தால்தான் 14 நாள் கவனித்து, அது சுகமாக இருந்தால் பிள்ளையின் மிச்ச ஊசிகளை நிறுத்தலாமா என்று வைத்தியர் தீர்மானிக்க முடியும். கட்டி வைத்து, தூரத்திலிருந்து சோறும் தண்ணீரும் வையுங்கள். அதற்குள் நாய் செத்துவிட்டால் புதைத்துவிடாமல் பி.எச்.ஐ.க்குச் சொல்லுங்கள். அதன் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

விசர் பிடித்த நாய் எப்படி இருக்கும்? வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஓடிக் கடிக்கும் நாயைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இன்னொரு வகை ஏமாற்றிவிடும். நாய் அமைதியாக மூலையில் ஒதுங்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், குரல் கரகரக்கும், விழுங்க முடியாமல் தவிக்கும். "தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு" என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விடுவார்கள். விடாதீர்கள். சாப்பிட முடியாமல் வாய் தொங்கும் நாயைத் தொடாமல் கதவை மூடிவிட்டு மிருக வைத்தியரைக் கேளுங்கள்.

இனி இரண்டாவது வகை ஊசிகள்.

ஆசையாக ஒரு குட்டியைக் கொண்டுவருகிறீர்கள். ஒரு வாரம் விளையாடுகிறது. எட்டாம் நாள் வாந்தி, அடுத்த நாள் நாற்றமெடுக்கும் இரத்தக் கழிச்சல், மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. அது பார்வோ (குட்டிகளின் குடலை அரிக்கும் தொற்றுநோய்). 1978 அளவில் உலகமெங்கும் ஒரேயடியாகப் பரவிய நோய் இது. இன்னொன்று டிஸ்டெம்பர். கண்ணிலும் மூக்கிலும் சளி, பிறகு கால் வெட்டி வெட்டி இழுக்கும். பிழைத்தாலும் அந்த இழுப்பு சில நாய்களுக்குப் போகாது. இரண்டும் மனிதருக்கு வராது, நாய்க்குத்தான் யமன். இவற்றோடு ஈரல் நோய் போன்ற சிலவற்றையும் சேர்த்து ஒரே ஊசியில் போடுவார்கள்.

ஒருதரம் போட்டால் போதாதா, ஏன் மூன்று நான்கு முறை வரச் சொல்கிறார்கள்? காசு பிடுங்கத்தான் என்று நினைக்க வேண்டாம். தாயிடமிருந்து வரும் முதல் பால் குட்டிக்குச் சில வாரம் பாதுகாப்புத் தருகிறது. அதே பாதுகாப்பு, நாம் போடும் ஊசியையும் கிருமி என்று நினைத்து அழித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டுக்கே ஒன்றாக இருக்காது. ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போட்டுக்கொண்டு போவார்கள். பால் காவல் விலகும் வாரத்தில் ஏதாவது ஓர் ஊசி பிடித்துக்கொள்ளும்.

இதில் உங்களுக்கு வரும் நடைமுறை விஷயம், கடைசி ஊசிதான் மிக முக்கியம் என்பது. முதல் இரண்டைப் போட்டுவிட்டு, பதினாறாவது வார ஊசியை விட்டால் முன்னாலே போட்ட காசும் வீணாகலாம். அது முடியும்வரை குட்டியை ரோட்டில் இறக்கி மற்ற நாய்களின் மலத்தை முகர விடாதீர்கள். பிறகு ஒரு வயதளவில் ஒன்று. அதன் பின் இந்தக் கூட்டு ஊசியில் சில பகுதி வருடா வருடம் தேவையில்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். எது எப்போது என்று உங்கள் மிருக வைத்தியரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் ஒரு குட்டி பார்வோவில் செத்திருந்தால், அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதம் உயிரோடிருக்கும். சாதாரணச் சவர்க்காரத்துக்கு அது அசையாது. சீமெந்துத் தரையை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு துணி வெளுக்கும் குளோரின் நீரை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கொண்டுவரும் புதுக் குட்டி ஊசி முடித்ததாக இருக்கட்டும்.

பூனைகளுக்கும் இப்படி ஒரு கூட்டு ஊசி உண்டு. குட்டிகளை ஓரிரு நாளில் கொண்டுபோகும் கழிச்சல் நோய்க்கும், கண் பீளை கட்டித் தும்மிக்கொண்டே இருக்கும் சளிக்காய்ச்சலுக்கும் அது. கால அட்டவணை நாய்க்குட்டிக்குச் சொன்னது போலவேதான்.

எலிக்காய்ச்சலை இங்கே தனியாகப் பேச வேண்டும். கண்டியின் தெருக்களையும் கான்களையும் சுத்தமாக வைத்திருக்கும் மாநகர சபைத் தொழிலாளர் பலரின் வீடுகள் மஹய்யாவவில்தான் இருக்கின்றன. எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி மழைத் தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சிறு வெட்டு வழியாக மனிதருக்குள் போகிறது. அதே தண்ணீரைக் குடிக்கும் நாய்க்கும் வரும். வந்த நாயின் சிறுநீரிலும் கிருமி வெளியேறும்.

நாய்க்கு ஊசி இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். எல்லா வகை எலிக்காய்ச்சல் கிருமியையும் அது தடுக்காது, ஆகவே நாய் மூத்திரம் போன இடத்தை வெறும் காலால் மிதிக்காமல் கழுவுங்கள். கான் வேலைக்குப் போகும் வீட்டுக்காரருக்கு, மழைக் காலத்தில் முன்கூட்டியே விழுங்கும் மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "நான் கானில வேலை செய்றேன்" என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

பூச்சி மருந்து எப்போது கொடுப்பது? நாய்க்குட்டி பெரும்பாலும் பூச்சியோடுதான் பிறக்கிறது. தாய் வயிற்றிலேயே உருண்டைப் புழு போய்விடும், பாலிலும் போகும். ஆகவே இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் ஆனதும் மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கலாம். மருந்தின் அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. நம் பிள்ளைக்கு வாங்கியதில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

இங்கே நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு புழு இருக்கிறது. 1911இல் இலங்கையின் ஒரு மரநாய் இன விலங்கிலிருந்து எடுத்து விவரித்ததால், அதற்குச் 'செய்லானிக்கம்' என்று பெயர் வைத்தார்கள். கொக்கிப்புழுவில் (குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும் புழு) ஒரு வகை. நாய், பூனை குடலில் வாழும் இது மனிதர் குடலிலும் வளரும். ஈர மண்ணில் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளையின் கால் தோல் வழியாகப் போகும். பிள்ளை வெளிறிச் சோர்ந்திருக்கிறது என்று விட்டமின் பாணி வாங்குமுன், வாசலில் படுக்கும் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்து எத்தனை மாதம் என்று யோசியுங்கள்.

உண்ணிக்கும் தெள்ளுக்கும் மருந்து இருக்கிறது. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிநாசினியையோ மண்ணெண்ணெயையோ நாயின் மேல் ஊற்றாதீர்கள். தோல் வழியாக உறிஞ்சி நாய் செத்துவிடும். உண்ணி அதிகம் உள்ள நாய் திடீரென்று சாப்பாட்டை விட்டு, ஈறு வெளிறி, மூத்திரம் கோப்பி நிறத்தில் போனால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பூனை வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயத்தை மனப்பாடம் செய்யுங்கள். நாய்க்கு முதுகில் ஊற்றும் உண்ணி மருந்து சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின், பூனைக்கு விஷம். பனடோல் (பரசிற்றமோல்) ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். "காய்ச்சலா இருக்கு, கால் மாத்திரை குடுத்தேன்" என்று அன்பில் செய்து, அதனாலேயே பூனையை இழந்தவர்கள் நிறைய.

கருத்தடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பூனை நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்பட்டுவிடும், இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஒருதரம் குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பது வெறும் நம்பிக்கை. பெட்டை நாய்க்குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையிலும் பன்சலை வாசலிலும் விட்டுவிட்டு வருகிறோமே, அந்தக் குட்டிகள்தான் அடுத்த வருடம் ஊசி போடாத நாய்களாக நிற்கின்றன. அரசாங்க ஊசி முகாம் பற்றி விசாரிக்கும்போதே இலவசக் கருத்தடை முகாம் எப்போது என்றும் கேட்டு வையுங்கள்.

வைத்தியரிடம் எங்கே போவது? இந்த விஷயத்தில் கண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும், அதன் போதனா வைத்தியசாலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. நாட்டின் மிருக வைத்தியர்கள் படித்து வெளியேறுவது அங்கிருந்துதான். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஆட்டோவுக்குக் காசு வேண்டும் என்பது உண்மை. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே ஆட்டோவில் போனால் செலவு பிரியும்.

சரி, படிக்கட்டு நாய்க்கு வருவோம். அதை யார் பிடிப்பது?

முகாமுக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சோறு வையுங்கள். சாப்பிடும்போது கழுத்தைத் தொட்டுப் பழக்குங்கள். நாலைந்து நாள் கழித்து ஒரு துணிப்பட்டியைக் கட்டி விடுங்கள், பிறகு அதில் கயிறு மாட்டிச் சில நிமிடம் நடத்திப் பாருங்கள். முகாம் நாளில் வந்து வலை வீசிப் பிடிப்பதைவிட இது சுலபம், கடிபடவும் மாட்டீர்கள். மிரளும் நாயைப் பிள்ளைகளை விட்டுப் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

"அட்டையில் என் பெயரைப் போட்டால், நாளைக்கு அது யாரையாவது கடித்தால் என் தலையில் விழுமே?" நியாயமான பயம்தான். மூன்று வீட்டிலும் 'நம்ம நாய் இல்ல' என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அது கடித்தால் கடிக்கப்போவது உங்கள் சந்துப் பிள்ளையைத்தான். அட்டை இருந்தால் அந்தப் பிள்ளையின் அம்மா அதை வைத்தியரிடம் காட்டலாம். இல்லாவிட்டால் அவள் பயந்துகொண்டே ஒவ்வோர் ஊசிக்கும் அலைவாள், உங்களை ஏசிக்கொண்டும் இருப்பாள்.

ஒருவர் பெயர் போடத் தயங்கினால் மூன்று வீட்டாரும் பேசி முடிவெடுங்கள். அட்டை ஒரு வீட்டில், பூச்சி மருந்துச் செலவு மற்ற இரண்டில் என்று பிரித்துக்கொள்ளலாம். நாய்க்கு ஒரு பெயரும் வையுங்கள். 'கறுப்பு நாய்' என்று எழுதினால் மஹய்யாவவில் எத்தனை கறுப்பு நாய்! நிறம், ஆணா பெட்டையா, காதில் வெட்டு, வாலில் வெள்ளை என்று அடையாளத்தை எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் நாயும் அட்டையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து மூன்று வீட்டிலும் வைத்திருங்கள். அட்டை தொலைந்தாலும் திகதி தொலையாது.

ஊசி போட்ட பிறகு அந்தத் துணிப்பட்டியைக் கழற்ற வேண்டாம். அது ஆட்கள் பார்த்துக்கொள்ளும் நாய் என்று வெளியாட்களுக்குத் தெரியட்டும். கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். வளரும் குட்டி என்றால் வாரம் ஒருமுறை முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.